காவின் வீட்டுக்கு வந்த இருமல் மருந்து

இருமல் மருந்தைப் பற்றி, மருந்தாளராகப் படிக்கிற உங்களுக்குச் சொல்லித்தரப் புதிதாக என்னிடம் ஒன்றும் இல்லை. எதை எவ்வளவு கலப்பது, எந்த வயதுக்கு எது கூடாது என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் என்னைவிட வடிவாக எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, காவின் எழுதுகிற, அதாவது நிக்காஹ் முடித்துப் பதிகிற நேரத்தில் ஒரு மாப்பிள்ளை நித்திரையாய்ப்போன கதை. தாராளமாகச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், ஒரு கட்டம் வரைக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குப் பக்கத்தில், கடற்கரையோடு ஒட்டின ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளராக இருந்தேன். மருந்து ஊற்றிக் கொடுக்க அந்த நாளில் எங்களிடம் போத்தல் கிடையாது. நோயாளிதான் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவர வேண்டும். எங்கள் கபில நிற இருமல் மருந்தை நான் அளந்து ஊற்றுவேன். வரிசையில் வராத போத்தல் இல்லை. சோடாப் போத்தல், தேங்காயெண்ணெய்ப் போத்தல், பன்னீர்ப் போத்தல். ஆனால் எல்லாவற்றிலும் மூடி இறுக்கமானது சாராயப் போத்தல். எங்கள் ஊரில் சாராயத்தைக் கையால் தொடாதவர்களின் வீட்டில்கூட எப்படியோ ஒரு வெறும் போத்தல் இருக்கும். எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்டதில்லை.

ஒருநாள் ஊரே மதிக்கிற ஒரு ஹாஜியார் வந்தார். தோளில் போட்டிருந்த சால்வைக்குள் கையை மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் யன்னலுக்குள் குனிந்து, சால்வையை விலக்கி, சாராயப் போத்தல் ஒன்றை உள்ளே தள்ளினார்.

"தம்பி, கெதியா ஊத்துங்க. ஆக்கள் பாக்கிறாங்க."

ஊற்றினேன். வழக்கம்போல் சின்னத் துண்டில் எழுதி ஒட்டப்போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது காணாது தம்பி. பெரிசா எழுதுங்க. ரோட்டில சைக்கிள்ல போறவனும் வாசிக்கோணும், இது இருமல் மருந்தெண்டு."

அன்றிலிருந்து லேபிளைப் பெரிதாக எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவருக்கு அது மானத்துக்காக. உள்ளே இருக்கிறதைப் பெரிதாக எழுதுவது எதற்கு என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் மருந்தைப் பற்றி ஊரில் ஒரே ஒரு முறைப்பாடு இருந்தது. அதைக் குடித்தால் நித்திரை வராது. சளியை இளக்கி வெளியே கொண்டுவருகிற மருந்து அது, நித்திரைக்கு அதில் ஒன்றுமில்லை. கடைத்தெருவில் இருந்த தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் சிவப்புப் பாணி ஒன்று கலந்து கொடுத்தார்கள். ஒரு கரண்டி குடித்தால் ஆள் சுருண்டுவிடும். "காக்கா, மருந்தெண்டா அதுதான் மருந்து. உங்கடதக் குடிச்சா மறுகாவும் வேலைக்குப் போகவேண்டிக் கிடக்கு" என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டே, என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அந்தச் சிவப்புப் போத்தலில் விலை எழுதியிருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. அந்த வருஷங்களில்தான் எங்கள் பொடியன்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கினார்கள். ரேடியோவும் கம்பளியும் வந்த பெட்டிகளில் இருமல் பாணியும் வந்தது.

மருதமுனையில் றவூப் என்று எனக்கொரு சிநேகிதன். நெசவு வீடு. சாரன்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிற ஆள். நாள் முழுக்கக் கதைத்தாலும் களைக்கமாட்டான். அவனுக்குச் சாய்ந்தமருதில் கலியாணம் பேசி முற்றாகியது. பெண்ணின் வாப்பா கடலில் தோணிகள் வைத்திருப்பவர். அலைக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். அவர் மெதுவாகக் கதைத்தாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

அந்த வருஷம் மாரி பிந்தித்தான் தொடங்கியது. தொடங்கியபிறகு விடவே இல்லை. ஊர் முழுக்கத் தடிமனும் இருமலும். கலியாணத்துக்கு முந்தின கிழமை றவூபும் இருமத் தொடங்கினான். அவனுடைய வீட்டில் ஆஸ்பத்திரி, மருந்துக்கடை எல்லாமே சுலைஹா சாச்சிதான். அவனுடைய உம்மாவின் தங்கை. யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் முதலில் சாச்சியின் அலுமாரிதான் திறக்கும். நல்ல மனுசி. அவர் கையால் வாங்கி உண்ணாத ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை.

கலியாண நாள் காலை மழை விட்டு வெயில் எறித்தது. மாப்பிள்ளை ஊர்வலம் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தது. முன்னால், கோலோடு கோல் தட்டி ஆடுகிற பொல்லடிக்காரர். நடுவில் பூவும் கலர்க் கடதாசியும் ஒட்டின கார். அதற்குள் கோட்டும் தொப்பியும் போட்ட றவூப். பின்னால் நாங்கள். பொல்லடியில் ஏதோ குழப்பம் என்று எனக்கு அப்போதே பட்டது. தாளம் ஒரு பக்கம் போக, பொல்லு ஒரு பக்கம் போனது. ஒருவர் தன்னுடைய பொல்லால் தன்னுடைய முழங்காலிலேயே அடித்துக்கொண்டார். இன்னொருவர் தென்னை மரத்தில் சாய்ந்து நின்று, நிறைந்த முகத்தோடு வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கலியாண சந்தோசம் என்று நினைத்தேன்.

பந்தலுக்குள் மௌலவியும் சாட்சிகளும் இருந்தார்கள். பெண்ணின் வாப்பாவும் றவூபும் நேருக்கு நேர் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். தன் மகளை இவருக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்தேன் என்று வாப்பா சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். றவூப் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தான்.

"வெக்கப்படுறாரு" என்றார் ஒருவர்.

றவூப் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மௌலவி, "சொல்லுங்க மாப்புள்ள" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்போது குறட்டை ஒன்று வந்தது. மெல்லத்தான் தொடங்கியது. பிறகு நன்றாக ஊன்றி வந்தது. அதோடு மாப்பிள்ளையின் தலை மாமனாரின் தோளில் போய் விழுந்தது.

"மாப்புள்ள!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த காகங்கள் எழும்பின.

றவூப் கண்ணைத் திறந்தான். எல்லோரையும் பார்த்து அன்பாகச் சிரித்தான். பிறகு தெளிவாகச் சொன்னான்: "ஓம் சாச்சி, குடிச்சிட்டன்."

மௌலவி கையில் பேனையோடு அப்படியே இருந்தார். "தம்பி, 'ஓம் சாச்சி' எண்டு சொன்னா காவின் எழுத ஏலா."

பந்தல் வெடித்துச் சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் பெண்ணின் மாமா சிரிக்கவில்லை. அவர் எழும்பினார்.

"என்னத்தக் குடிச்ச? குடிகாரனுக்கா எங்கட புள்ளையக் குடுக்கப் போறம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்தான் என்ற சொல் அந்தப் பந்தலைத் தாண்டி வெளியே போனால், அதோடு அந்தக் கலியாணம் முடிந்தது. அந்தப் பெண்ணின் பெயரும் அவனுடைய பெயரும் சேர்ந்தே போகும். நான் றவூபுக்குப் பக்கத்தில் குந்தினேன். வாயை மோந்தேன். சாராய வாடை இல்லை, சீனிப்பாணி வாடை. நாக்கு உலர்ந்திருந்தது. வெயிலுக்கு முகம் காட்டாமலே கண்மணி சுருங்கியிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், விட்டால் மூடுகிறான்.

"இது சாராயமில்ல, மாமா. இருமல் மருந்து" என்றேன்.

"இருமல் மருந்து குடிச்சா இருமல் போகும். ஆளே போகுமா?"

நியாயமான கேள்வி. சாச்சியைக் கூப்பிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து சாச்சி வந்தார். பயந்து வரவில்லை, பெருமையோடு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பெரிய பழரசப் போத்தலை எடுத்துக் காட்டினார். உள்ளே ஈரல் நிறத்தில் ஏதோ ஒன்று அரைவாசிக்கு இருந்தது.

"நான்தான் குடுத்தன். இருமிக் கொண்டு காவின் எழுத ஏலுமா? உங்கட ஆஸ்பத்திரி மருந்து இருந்திச்சு. கடைத்தெருச் சிவப்புப் பாணி இருந்திச்சு. என்ட மகன் சவூதியில இருந்து அனுப்பினது ஒண்டு இருந்திச்சு. ஒண்டுக்கே சுகமெண்டா மூணுக்கும் எப்பிடி இரிக்கும்? மூணையும் ஒண்டாக் கலந்திட்டன். வெளிக்கிடக்குள்ள ஒரு மஞ்சள் தடிமன் குளிசையும் குடுத்தன்."

மருந்து கலக்க நாங்கள் படித்துச் சோதனை எழுதித்தான் வேலைக்கு வந்தோம். சாச்சி அதைக் குசினியில் முடித்துவிட்டார்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எங்கள் கபில மருந்தை விட்டுவிடுங்கள். தடிமனுக்குப் போடுகிற அந்த மஞ்சள் மாத்திரை நித்திரையாக்கும். சிவப்புப் பாணியிலும் அதே இன மருந்துதான் இருந்திருக்க வேண்டும். அந்த நாள் இருமல் பாணிகளில் அநேகமாகக் கொடீனும் இருக்கும், அபின் இனம், கூடினால் மூச்சையே மெதுவாக்கும். சவூதிப் பாணியிலும் அதே இரண்டும் இருந்தால் ஆச்சரியமில்லை. ஒரே ஆள் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று வாசலால் வந்தது போல. சாச்சி மூன்று மருந்து கொடுத்ததாக நினைத்தார். கொடுத்தது ஒரே மருந்தை மூன்று தரம்.

இதை மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவருடைய முகம் இளகியது. "அப்ப பொடியன் குடிகாரனில்ல, மருந்துகாரன்" என்றார். மறுபடியும் சிரிப்பு. அத்தோடு விசயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். தேத்தண்ணி கொடுத்து மாப்பிள்ளையை எழுப்பினால் சரி.

என் கண் அந்தப் போத்தலில் இருந்தது. பெரிய போத்தல், அதில் அரைவாசி இல்லை. றவூப் ஒருவனே அவ்வளவையும் குடித்திருந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கமாட்டான். அப்படியென்றால் மிச்சம் எங்கே?

"சாச்சி, வேற ஆருக்குக் குடுத்தீங்க?"

"இருமினவங்களுக்குத்தான் மகன். வழியில ஒவ்வொரு கரண்டி."

மாரி காலம். இருமாத ஆள் யார்?

கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தேன். என் வாழ்க்கையில் மைக்கில் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"சுலைஹா சாச்சியிட போத்தல்ல மருந்து குடிச்ச எல்லாரும் பந்தலுக்கு முன்னுக்கு வாங்க. ஒருத்தரும் ஏச மாட்டாங்க. கெதியா வாங்க."

சாய்ந்தமருது முழுக்க அது கேட்டது. கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். முதலில் பொல்லடிக்காரர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு கார் றைவர் வந்தார். நல்லகாலம், அவர் வாயில் வைத்துவிட்டுக் கசப்பென்று துப்பியிருந்தார். கிடாரத்துக்குப் பக்கத்திலிருந்து சமையல்காரர், அகப்பையோடு வந்தார். "எனக்கு ஒண்டுமில்ல" என்றவர், சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்து, இருந்தபடியே உறங்கிவிட்டார். கடைசியாக, இவ்வளவு நேரமும் எழும்பி நின்று சண்டைக்கு வந்த பெண்ணின் மாமா தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒரு கரண்டி. வந்தவுடன கேட்டு வாங்கினன். நல்ல இனிப்பு."

பந்தல் மறுபடி வெடித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் சாச்சியிடம் கேட்டேன், "சவூதிப் போத்தல் எங்க?"

வெறும் போத்தலை அவர் எறிந்திருக்கவில்லை. அரபு எழுத்து இருக்கிறதை எப்படிக் குப்பையில் போடுவது என்று பட்டுத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். எனக்கு அரபு ஓதத் தெரியும், விளங்காது. மௌலவியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிதாபு வாசிக்கிற அதே குரலில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

"நித்திரை உண்டாக்கும்... வாகனம் ஓட்டப்படாது... வேறு நித்திரை மருந்தோட சேர்க்கப்படாது... கைக்குழந்தையளுக்குக் கொடுக்கப்படாது, மூச்சு..."

அவர் நிறுத்தினார். மூச்சு என்ற சொல்லோடு சாச்சியின் முகம் செத்துவிட்டது. அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே றவூபின் ராத்தா, அவனுக்கு மூத்தவள், ஜெமீலா நின்றாள். மஞ்சள் சாறி, கழுத்து நிறைய நகை. அவளுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பர்வீன் என்று பேர்.

"காலையில இருமிச்சு" என்றாள் ஜெமீலா. "சாச்சி அரைக் கரண்டி குடுத்தாங்க. வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் எவ்வளவு நல்ல புள்ளயெண்டு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம்.

உள்ளறையில் ஏணை கட்டியிருந்தது. சேலைத் துணிக்குள் குழந்தை கிடந்தது. ஜெமீலா தூக்கினாள். அந்தக் குழந்தையின் தலை அவள் கையில் சரிந்த விதத்தை இன்றைக்கும் நான் யாருக்கும் நடித்துக் காட்டமாட்டேன். உதட்டில் நீலம் தட்டத் தொடங்கியிருந்தது. நெஞ்சில் காது வைத்தேன். மூச்சு இருந்தது. ஒன்று வந்து, அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்து, வந்தது.

உள்ளங்காலில் சுண்டினேன். முகம் சுளித்தது. சுளித்ததே எனக்குப் போதும். "காரை எடுங்க" என்று கத்தினேன்.

கலியாணக் கார்தான் இருந்தது. பூவோடும் கடதாசியோடும் அதில் ஏறினோம். ஜெமீலாவின் மடியில் குழந்தை. நான் அதன் காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன், மூச்சுப் பிந்தினால் முதுகைத் தேய்த்தேன். பின்னால் றவூபையும் ஏற்றினார்கள், அவனையும் பார்க்கவேண்டும் என்று. முன் சீற்றில் மௌலவி. அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை. கையில் சவூதிப் போத்தல் இருந்தது, இறங்கச் சொல்லவும் யாருக்கும் நேரமில்லை. ரோட்டு நீளத்துக்கும் சனம் மாப்பிள்ளைக் கார் என்று கை காட்டியது. றவூப் கண்ணை மூடிக்கொண்டே பதிலுக்குக் கை காட்டினான்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கடமையில் இருந்தவர் ஒரு லேடி டொக்டர். யாழ்ப்பாணத்துப் பக்கம். சின்ன உருவம். அவசரத்திலும் குரலை உயர்த்தாதவர். குழந்தையை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"என்ன குடுத்தவை? எவ்வளவு? எப்ப?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. போத்தலும் இருந்தது. மௌலவி பக்கத்தில் நின்று லேபிளில் இருந்த மருந்தின் அளவை எழுத்துக்கூட்டிச் சொன்னார். டொக்டர் கேட்டுக்கொண்டே குழந்தையின் வாயைத் துடைத்து, தாடையை உயர்த்தி, ஒட்சிசன் வைத்தார். மூச்சுப் பிந்துகிறபோதெல்லாம் முகத்தில் மூடியை வைத்து, காற்றுப் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தார். கொடீனுக்கு மாற்று மருந்து எங்களிடம் இருக்கவில்லை.

"மாற்று மருந்து எங்கட கைதான்" என்றார் அவர். "களைக்காமல் செய்யவேணும். அவ்வளவுதான்."

அவர் களைக்கவில்லை. தாதி மிஸ்ஸி ஒருவர் காலைச் சுண்ட, இவர் காற்றுக் கொடுக்க, நான் நாடியை எண்ணிக்கொண்டு நின்றேன். ஜெமீலா சுவரோடு சாய்ந்து வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். வெளியே உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. சாய்ந்தமருதிலிருந்து கலியாண வீடு முழுக்க டிறெயிலரில் ஏறி வந்துவிட்டது. உறங்கிய பொல்லடிக்காரரையும் சமையல்காரரையும் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். சாச்சி மட்டும் உள்ளே வரவில்லை. வாசற்படியில் குந்திவிட்டார்.

நான் ஒரு நிமிடம் வெளியே போனேன். சாச்சி என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஏசுங்க மகன். ஒருத்தரும் ஏசுறாங்க இல்ல."

ஏச எனக்கு வாய் வரவில்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த மனுசி போத்தலையும் மறைக்கவில்லை, கொடுத்ததையும் மறைக்கவில்லை. கேட்டவுடன் எடுத்துக் காட்டினார். பந்தலில் நான் முதல் வார்த்தையிலேயே அவரைத் திட்டியிருந்தால் அந்தப் போத்தல் பைக்குள்ளேயே இருந்திருக்கும், மாமா வாயைத் திறந்திருக்கமாட்டார், குழந்தை ஏணையிலேயே கிடந்திருக்கும். யன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளைத் திட்டுகிற மருந்தாளருக்கு அடுத்தமுறை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

அப்போதுதான் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. முதலில் பூனை போல. பிறகு கோபத்தோடு. பிறகு முழுக் குரலில், ஆஸ்பத்திரி ஓடு பறக்கிற மாதிரி, பர்வீன் அழுதாள்.

எத்தனையோ தாய்மாரிடம் பிள்ளை அழுகிறது என்று முறைப்பாடு கேட்டவன் நான். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வாசலில் நின்ற பெண்கள் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, கலியாண வீட்டில் போடவென்று வைத்திருந்த குரவையை ஆஸ்பத்திரி வாசலில் போட்டார்கள். வெளிநோயாளர் வரிசையில் நின்றவர்களும் ஏன் என்று தெரியாமல் சேர்ந்து போட்டார்கள். லேடி டொக்டர் யன்னலால் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சத்தமாப் போடுங்கோ, பிள்ளை முழிப்பா இருக்கட்டும்" என்றார். அந்த வட்டாரம் அவ்வளவு நீளமான குரவையைக் கேட்டிருக்காது.

றவூபை இரண்டு சிநேகிதர் தோளில் பிடித்து விறாந்தையில் மேலும் கீழும் நடத்தினார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட மாப்பிள்ளை வார்டைக் கடக்கிறபோதெல்லாம் கட்டிலில் கிடந்தவர்கள் சலாம் சொன்னார்கள். அவனும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலப் பதில் சொன்னான். அஸர் தொழுகைக்கு அழைப்புக் கேட்கிறபோது அவன் தானாக நடந்தான். பொல்லடிக்காரரும் எழும்பி, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார்கள். மாமா மட்டும் இன்னும் கொஞ்சம் கிடக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது பெண்ணின் வாப்பா மௌலவியிடம் வந்தார். "காவினை எழுதிப்போடுவம். இனியும் தள்ளினா மாப்புள்ள இன்னுமொரு வருத்தம் தேடிக்கொள்ளுவாரு."

மௌலவி தலையை ஆட்டினார். "தெளிஞ்ச புத்தியோட சொல்லோணும். தெளிஞ்சிட்டாரெண்டு எனக்கு ஆரு சொல்லுற?"

எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு றவூபை வாங்கில் இருத்தினார். கண்ணில் லைட் அடித்தார். கையை நீட்டச் சொன்னார்.

"உங்கட பேர்?"

"றவூப்."

"இண்டைக்கு என்ன விசேசம்?"

"என்ட கலியாணம்."

"ஆரோட?"

றவூப் சுற்றிப் பார்த்தான். அவனுக்கு நேரே மாமனார் நின்றார். "இவரோட" என்றான். கூட்டம் மூச்சை இழுத்தது. அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இவர்ர மகளோட" என்று முடித்தான்.

"தெளிஞ்சிட்டார்" என்றார் டொக்டர்.

விறாந்தையில் பாய் விரித்தார்கள். ஒரு பக்கம் கடலிலிருந்து வருகிற ஆட்கள், மறுபக்கம் தறியிலிருந்து வருகிற ஆட்கள், நடுவில் கட்டுப்போட்ட காலோடும் சேலைன் கம்பியோடும் எங்கள் நோயாளிகள். மாமனார் மறுபடி கையைப் பிடித்துச் சொன்னார். இந்தமுறை றவூப் அவர் முடிக்கும் முன்னமே ஏற்றுக்கொண்டேன் என்றான். மௌலவி முறைப்படி முடித்த பிறகும் இன்னொருமுறை சொன்னான், பாதுகாப்புக்கு. சாப்பாட்டுச் சஹன்கள், பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டங்கள், சாய்ந்தமருதிலிருந்து டிறெயிலரில் வந்தன. அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்தவர் இல்லை. பர்வீனை மட்டும் டொக்டர் விடவில்லை. விடியும்வரை பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார். அவள் அந்த நேரம் முழுக்க அழுது தீர்த்ததாக மிஸ்ஸி சொன்னார், சந்தோசத்தோடு.

புறப்பட முந்தி சாச்சி அந்தப் பழரசப் போத்தலை என்னிடம் தந்தார். நான் அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றுவதை நின்று பார்த்தார். சவூதிப் போத்தலை மௌலவி எடுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அதைக் கையில் உயர்த்திப் பிடித்து, அரபில் எழுதியிருக்கிறதெல்லாம் ஓதிக் குடிக்கிறதில்லை, வாசித்துக் குடிக்கிறது என்று சனத்துக்குச் சொன்னாராம். கடைத்தெரு டிஸ்பென்சரிக்கு லேடி டொக்டரே நேரில் போனார். என்ன கதைத்தார் என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த சிவப்புப் போத்தல்களில் உள்ளே இருக்கிறதின் பெயர்கள் எழுதியிருந்தன, பெரிய எழுத்தில்.

நான் எங்கே மாறினேன் என்றால், யன்னலில். அதற்கு முன் யாராவது இருமல் என்று வந்தால், எவ்வளவு நாளாக, சளி இருக்கிறதா என்று கேட்டு ஊற்றிக் கொடுப்பேன். பிறகு இரண்டு கேள்வி கூடியது. வீட்டில் வேறு என்ன மருந்து இருக்கிறது? வீட்டில் ஆகச் சின்ன ஆள் யார்? இரண்டாவதைக் கேட்டால் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். ஒரு வீட்டுக்குப் போகிற மருந்து ஒரு ஆளுக்குப் போகிறது இல்லை. யார் பேரில் எழுதினாலும் அது கடைசியில் இருமுகிற எல்லோருடைய வாய்க்கும் போகும், அதில் ஆகச் சின்ன வாய்தான் முதலில் ஆபத்துக்குப் போகும். இருமுகிற கைக்குழந்தையை நித்திரையாக்கத் தருகிற மருந்து எங்களிடம் இல்லை என்று துணிந்து சொல்லுங்கள். மருந்தில்லாமல் அனுப்புகிறார்கள் என்று உங்களை ஏசுவார்கள். ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

சாச்சியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க ஏலாது. ஒரு மாதம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் கையில் போத்தலோடு வரிசையில் நின்றார். தனக்கு முன்னால் நின்ற பெண்ணைத் தட்டினார்.

"புள்ளே, ஆருக்கு மருந்து?"

"மகனுக்கு, சாச்சி."

"எத்தின வயசு? ஊட்டில வேற என்ன போத்தல் இரிக்கி? சவூதியில இருந்து ஆரும் அனுப்பினாங்களா? உண்மையச் சொல்லு."

அந்தப் பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். அதற்கும் அடுத்தவரிடம். என் யன்னலுக்கு வருகிறபோது வரிசையில் பாதிப் பேரின் அலுமாரியில் இருப்பது அவருக்கு மனப்பாடம். "இவவுக்கு ஊத்தாதீங்க மகன், இவவிட ஊட்டில சிவப்புப் பாணி இரிக்கி" என்று எனக்கே உத்தரவு போடுவார். லேடி டொக்டர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுங்கோ என்றார். போட்டோம். பல வருஷம் அந்தக் கதிரை அங்கே இருந்தது.

ஒரு மாரியில் எனக்கே பிடித்துவிட்டது. யன்னலுக்கு உள்ளே நின்று இருமிக்கொண்டு மருந்து ஊற்றினேன். சாச்சி கதிரையிலிருந்து எழும்பி வந்து, கம்பிக்குள்ளால் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மகன், நீங்க என்ன குடிச்ச? எங்க, போத்தலக் காட்டுங்க பாப்பம்."